உணவைக் குறைத்தீர்கள், மாத்திரையின் அளவை யார் குறைப்பது?

கேள்வி: எனக்கு வயது 47. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருப்பதாக மூன்று வாரங்களுக்கு முன் கண்டறிந்தார்கள். ஹெச்.பி.ஏ.1.சி. எனும் மூன்று மாதச் சராசரி 8.4 சதவீதம். காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், காலையில் மட்டும் கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மாவுச்சத்தை அநேகமாக விட்டுவிட்டேன். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. முற்பகலில் வியர்த்துக் கை நடுங்குகிறது. பார்வையும் மங்கலாகிவிட்டது. மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று சொல்லி உறவினர் ஒருவர் மூலிகைப் பொடி வாங்கித் தந்திருக்கிறார். மாத்திரைகளை நிறுத்திவிட்டு அதற்கு மாறலாமா?

பதில்: பொடிக்கு மாற வேண்டாம். மாத்திரைகளைப் பொறுத்தவரை, உங்களிடம் இருக்கும் இரண்டும் முற்றிலும் வெவ்வேறு விதமாக வேலை செய்பவை என்பதால், தனித்தனியாகத்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் கவனிக்க வேண்டியது கை நடுக்கம். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. நீங்கள் வயிறாரச் சாப்பிட்டாலும் அரை வயிற்றோடு எழுந்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். மருத்துவர் அந்த அளவை எழுதியது உங்கள் பழைய சாப்பாட்டை மனத்தில் வைத்து. மாவுச்சத்தை நீங்கள் ஏறக்குறைய நிறுத்திய பிறகும் அதே அளவு தொடர்வதால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆகவே இன்றே மருத்துவரை அழைத்து, “உணவை இந்த அளவுக்குக் குறைத்துவிட்டேன், கிளிமிபிரைடைக் குறைக்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா?” என்று நேரடியாகக் கேளுங்கள். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். காலை உணவைத் தவிர்க்கும் நாளில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதையும் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு கையில் மருந்துச் சீட்டையும் மறுகையில் ‘தவிர்க்க வேண்டிய உணவுகள்’ என்ற அச்சிட்ட தாளையும் கொடுத்து, ஒன்று மற்றொன்றை எப்படிப் பாதிக்கும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஐந்து நிமிடத்தில் நோயாளியை அனுப்பிவிடும் இந்த ஏற்பாடு என்னைத் தொடர்ந்து வருந்த வைக்கிறது.

நடுக்கம் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடித்து, சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். சாக்லேட்டிலுள்ள கொழுப்பு சர்க்கரை விரைவாக இரத்தத்தில் சேர்வதைத் தடுக்கும் என்பதால் அது இதற்கு உதவாது. மீட்டர் கைவசம் இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்காமல் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் புதிதாக மருந்து தொடங்கியவர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மீட்டர் 95 அல்லது 110 காட்டும்போதும் அதே வியர்வையும் நடுக்கமும் வரலாம். மாதக்கணக்கில் 200, 250 என்று பழகிவிட்ட உடலுக்கு, இயல்பான அளவே ஆபத்தான இறக்கம்போலத் தோன்றுவதுதான் காரணம். அந்த உணர்வு பொய்யில்லை, ஆனால் அதில் ஆபத்தில்லை; சில வாரங்களில் உடல் புதிய அளவுக்குப் பழகிவிடும். மீட்டர் இருந்தும் எண்ணைப் பார்க்காமல் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் இனிப்பை எடுத்துக்கொண்டால் சர்க்கரை மீண்டும் உயரும், பிறகு மருந்தின் அளவைக் கூட்டுவார்கள், நடுக்கமும் தொடரும். எனவே ஒரு வாரத்துக்கு, நடுக்கம் வந்த நேரம், மீட்டர் காட்டிய எண், அதற்கு முன் சாப்பிட்டது ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து மெட்ஃபார்மின். உங்கள் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதற்காக இதை நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். வெறும் வயிற்றில் போடாமல், சாப்பாட்டின் நடுவில், பாதி உணவு உள்ளே போன பிறகு விழுங்கிப் பாருங்கள். பலருக்கு இரண்டு மூன்று வாரங்களில் வயிறு பழகிவிடும். பழகவில்லையென்றால், சிறிய அளவில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டும் முறைக்கோ, மெதுவாகக் கரையும் வகைக்கோ மாற்றித் தரும்படி கேளுங்கள். அந்த வகையில் சில மாத்திரைகளின் வெற்று உறை மலத்தில் அப்படியே வெளியேறும். மருந்து சேரவில்லை என்று பயந்து இன்னொன்றைப் போட்டுக்கொள்ளக் கூடாது. காய்ச்சலாலோ வாந்தியாலோ உடலில் நீர் வற்றும் நாட்களில் மட்டும் மருத்துவரிடம் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும்.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். அதைப் பார்த்தவர்கள் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் பரப்பிவிட்டார்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருக்கும் சர்க்கரைதான்.

இந்தப் பயத்தை வைத்துத்தான் பொடி விற்பவர்கள் பிழைக்கிறார்கள். உங்களிடமுள்ள பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள்: என்னென்ன சேர்ந்திருக்கிறது, எந்த அளவில், யார் தயாரித்தது, எந்தத் தொகுப்பு எண் என்பது தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறதா? பொடி சாப்பிட்டதும் சர்க்கரை மளமளவென்று இறங்கினால் மகிழ்ச்சியைவிட எச்சரிக்கைதான் வர வேண்டும். ‘மூலிகை மட்டுமே’ என்று விற்கப்பட்ட பொருள்களில் கிளிமிபிரைடின் இனத்தைச் சேர்ந்த மாத்திரைகளை யாருக்கும் தெரியாமல் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 2008இல் சிங்கப்பூரில், வேறு நோக்கத்துக்காக விற்கப்பட்ட சட்டவிரோதத் தயாரிப்புகளில் அதே இனத்தைச் சேர்ந்த கிளிபென்கிளமைடு என்ற மருந்து கலந்திருந்ததால், சர்க்கரை நோயே இல்லாதவர்கள் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், சிலர் உயிரிழந்தார்கள். ஏற்கெனவே கிளிமிபிரைடு சாப்பிடும் நீங்கள் அப்படியொரு பொடியையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். உறவினர் அன்பால் கொடுத்ததை மறுப்பது சங்கடந்தான், ஆனாலும் மறுத்துவிடுங்கள்.

‘முப்பது நாளில் சர்க்கரை நோயிலிருந்து விடுதலை’ என்று முன்பணம் கேட்பவர்களையும் இதே வரிசையில்தான் வைப்பேன். கணிசமாக எடை குறைத்தவர்களில் ஒரு பகுதியினர் மாத்திரையின்றி இருப்பது உண்மை. மருந்தே இல்லாமல் குறைந்தது மூன்று மாதம் ஹெச்.பி.ஏ.1.சி. 6.5 சதவீதத்துக்குக் கீழ் நிற்க வேண்டும் என்பது அதற்கான வரையறை. முப்பது நாளில் அதை யாராலும் நிரூபிக்க முடியாது.

உணவில் மாவுச்சத்தை அடியோடு விடுவதைக் காட்டிலும், வேளைக்கு ஒரே அளவாகக் குறைத்து, காய்கறியையும் பயறு வகைகளையும் கூட்டி, வேளை தவறாமல் சாப்பிடுவது நல்லது. பழச்சாற்றை விட்டுப் பழமாகச் சாப்பிடுங்கள்.

பார்வை மங்குவது, சர்க்கரை வேகமாக இறங்கும்போது கண்ணின் வில்லையில் நீரின் அளவு மாறுவதால் இருக்கலாம். சில வாரங்களில் அது தானே சரியாகும் என்பதால் புதுக் கண்ணாடியை இப்போது வாங்க வேண்டாம். யாராவது வாங்கச் சொன்னாலும் இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள். ஆனால் கண்மணியை விரிவாக்கி விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நோய் கண்டறியப்பட்டவுடனேயே அதைச் செய்திருக்க வேண்டும். உங்கள் சீட்டில் அது இல்லையென்றால், கிளிமிபிரைடு பற்றிப் பேசும் அதே அழைப்பில் இதையும் கேட்டுவிடுங்கள்.