கவுன்சலர் விடுமுறையில் போனார், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை

கேள்வி: எனக்கு 34 வயது. சிங்கப்பூரில் செங்காங்கில் கணவரோடு இருக்கிறேன். அப்பா, அம்மா இருவரும் இங்கே வேலைக்குப் போனதால், கைக்குழந்தையாக இருந்தபோதே என்னை மன்னார்குடியில் பாட்டியிடம் விட்டார்கள். ஆறு வயதில் பள்ளியில் சேர்க்க இங்கே அழைத்து வந்தார்கள். கணவரோடு சண்டை வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு நாள் வேலையில் மூழ்கிவிடுவேன். இதற்காக எட்டு மாதமாக ஒரு கவுன்சலரிடம் போகிறேன். என்னுடையது ‘விலகிக்கொள்ளும் பிணைப்பு’ என்கிறார். கேட்டால் பெற்றோரைக் குறை சொல்வதுபோல் இருக்கிறது. போன மாதம் அவர் மூன்று வாரம் விடுமுறையில் போனார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஆனால் அதற்கப்புறம் போகவே மனமில்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: இன்னும் ஒரு முறை போங்கள். போய், எனக்கு எழுதிய கடைசி நான்கு வரியை அவரிடமே சொல்லுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

குழந்தை தன்னை வளர்ப்பவரோடு கொள்ளும் பிணைப்பு பிற்கால உறவுகளையும் பாதிக்கும் என்பதுதான் உங்கள் கவுன்சலர் சொல்லும் பிணைப்புக் கோட்பாடு. அதை உருவாக்கியவர் ஜான் பவுல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். அதைக் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தவர் உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த். ஒரு வயதுக் குழந்தையையும் தாயையும் பொம்மைகள் நிறைந்த புது அறையில் உட்கார வைப்பார்கள். தாய் சில நிமிடம் வெளியே போய்த் திரும்புவார். சில குழந்தைகள் அழும், தாய் வந்ததும் ஒட்டிக்கொள்ளும், சமாதானமாகி மறுபடி விளையாடப் போய்விடும். இது ‘பாதுகாப்பான பிணைப்பு’. வேறு சில குழந்தைகள் தாய் போனதையே கண்டுகொள்ளாது. திரும்பி வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையைப் பார்க்கும். இதுதான் ‘விலகிக்கொள்ளும் பிணைப்பு’. நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்தால் “என்ன சமத்து!” என்பார்கள். பின்னாளில் இதயத்துடிப்பை அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சமத்துக் குழந்தைக்கும் உள்ளே படபடப்பு இருந்தது. அழுதால் பயனில்லை என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

“ஒன்றுமே தோன்றவில்லை” என்ற உங்கள் வரியை அந்தக் குழந்தையை மனதில் வைத்துத்தான் படித்தேன். உண்மையிலேயே ஒன்றும் தோன்றாமலும் இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றும் தோன்றாதவருக்குத் திரும்பிப் போக ஏன் மனமில்லை?

கடிதத்தில் என்னை உறுத்திய இடம் இன்னொன்று. பெற்றோர் உங்களை விட்டதைச் சொல்கிறீர்கள். பாட்டியை விட்டுவிட்டு வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1907இல் பிறந்த பவுல்பியும் அந்தக் கால வசதியான வீட்டு வழக்கப்படி ஒரு தாதியிடம் வளர்ந்தவர். அவருக்கு ஏறக்குறைய நான்கு வயதானபோது அந்தத் தாதி வேலையை விட்டுப் போய்விட்டார். தாயை இழந்ததற்குச் சமமான துயரமாக அதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். யார் தினமும் தூக்கி வளர்க்கிறாரோ அவரோடுதான் குழந்தை பிணைகிறது. உங்கள் விஷயத்தில் அது பாட்டியாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். “போய்ட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய குழந்தை சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபோது சுற்றியிருந்த எல்லாருக்கும் சந்தோஷம், பிள்ளை பெற்றவர்களிடமே வந்துவிட்டாள் என்று. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் பாட்டி வேண்டும் என்று அழுதால் அம்மாவின் முகம் வாடும். ஆறு வயதில் இது நன்றாகவே புரியும். அழுகையை நிறுத்திவிட்டுப் புதுப் புத்தகப்பையைப் பார்க்க ஆரம்பித்திருப்பீர்கள். ஒரு கடிதத்தை வைத்து நான் செய்யும் ஊகம்தான் இது. சரியா தவறா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பெற்றோரைக் குறை சொல்வதா என்று கேட்டீர்கள். 1980களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மேரி மெய்னும் அவருடைய சகாக்களும் பெரியவர்களுக்காக ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார்கள். அதில், அம்மாவுடன் இருந்த உறவை ஐந்து சொற்களில் சொல்லச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சம்பவம் கேட்பார்கள். “ரொம்பப் பாசம்” என்று சொல்லிவிட்டு ஒரு சம்பவமும் நினைவுக்கு வராமல் தடுமாறுபவர் உண்டு. “கண்டிப்பானவர்தான், எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் அவர் நிலைமையும் இப்போது புரிகிறது” என்று கோவையாகச் சொல்பவரும் உண்டு. பாதுகாப்பான பிணைப்பின் அடையாளமாக அந்த ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டது இரண்டாமவரின் பேச்சை. பெற்றோர் நல்லவர்களா என்று அங்கே யாரும் தீர்ப்பு எழுதவில்லை. அவர்களுக்கு அன்று வேறு வழியில்லை, எனக்கு வலித்தது: இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்பதுதான் அங்கே பார்ப்பது. கஷ்டமான இளமைக்குப் பிறகு இந்த நிலைக்கு வந்தவர்களை ‘ஈட்டிய பாதுகாப்பு’ உள்ளவர்கள் என்பார்கள். நல்ல சிகிச்சை அதற்கு ஒரு வழி, நல்ல கல்யாணமும் ஒரு வழி.

‘விலகிக்கொள்ளும் பிணைப்பு’ என்ற முத்திரையை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இணையத்தில் சுற்றும் வினாடி வினாக்களின் மூதாதையே 1980களில் ஹேஸன், ஷேவர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் டென்வர் நாளிதழ் ஒன்றில் வெளியிட்ட காதல் கேள்விப் பட்டியல்தான். இது ரத்த வகை மாதிரி மாறாத சங்கதி கிடையாது. கணவரிடம் ஒரு மாதிரியும் தோழியிடம் வேறு மாதிரியும் இருக்கலாம்.

சரி, அந்த அமர்வில் எப்படிப் பேசுவது? “நீங்கள் போனபோது ஒன்றும் தோன்றவில்லை, வந்தபிறகு வரப் பிடிக்கவில்லை” என்று அப்படியே சொல்லுங்கள். சிகிச்சையாளர் ஒரு பாதுகாப்பான தளமாக இருக்க வேண்டும் என்றார் பவுல்பி. வேதனையானவற்றை அங்கே நின்றபடி துணிந்து பார்க்க முடிய வேண்டும், சிகிச்சையாளரோடு உள்ள உறவையும் சேர்த்து. நீங்கள் சொன்னதைக் கேட்டு அவர் நிதானமாக அந்த மூன்று வாரத்தைப் பற்றி விசாரித்தால் தாராளமாகத் தொடருங்கள். “பார்த்தீர்களா, இதுதான் விலகிக்கொள்வது” என்று முத்திரையைக் குத்திவிட்டு நகர்ந்தால், எனக்கென்னவோ அவர்மீதுதான் சந்தேகம் வரும். அடுத்த விடுமுறைத் தேதிகளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை.

அமர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது என்றால் பாட்டியைப் பற்றிய பகுதியை மட்டுமாவது தமிழில் சொல்லிப் பாருங்கள், அவருக்குப் புரியாவிட்டாலும். முதலில் தமிழில் சொல்லிவிட்டு அப்புறம் மொழிபெயர்க்கலாம். பாட்டி வளர்ப்பது நம் குடும்பங்களில் சாதாரணம், அது கைவிடுவதாகாது என்பதையும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கலாம்.

கணவரிடம் இப்போதைக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். பேச்சை நிறுத்துமுன் நேரம் சொல்லிவிடுங்கள்: “இப்ப பேச முடியல, ராத்திரி சாப்பிட்டப்புறம் பேசலாம்.” சொன்ன நேரத்துக்கு வந்தும் விடுங்கள். விலகுவதைவிட, எப்போது திரும்புவீர்கள் என்று தெரியாததுதான் எதிரில் இருப்பவரை வாட்டும்.

பேசிப் பார்த்தும் சரிவரவில்லை என்றால் மாறலாம், தவறே இல்லை. கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரை வாங்கி மனநலக் கழகம் போன்ற இடங்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் போகலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் “இனி வரவில்லை” என்று அனுப்பி முடித்துவிடாதீர்கள். கடைசியாக ஒரு அமர்வு வைத்து, நேரில் விடைபெற்றுக்கொண்டு வாருங்கள்.