எல் சால்வடோர்: எரிமலையும் இடிபாடும் பார்க்கப் போகிறவர்களுக்கு – கேள்வி பதில்

மத்திய அமெரிக்காவில் எல்லாவற்றிலும் சிறிய நாடு எல் சால்வடோர். மொத்தப் பரப்பே 21,041 சதுர கி.மீ. தான். ஒரு வாரத்தில் மேற்குப் பாதியை நிதானமாகப் பார்த்துவிடலாம். அப்படிப் போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

கேள்வி: இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் ஆயிரம் டாலர் தனியாகக் கட்ட வேண்டும் என்று ஒருவர் சொன்னார். வதந்தியா, உண்மையா?

உண்மை. 2023 அக்டோபர் 23 முதல் இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளின் பாஸ்போர்ட்காரர்களுக்கும் 1,000 டாலர் 'விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம்' போட்டார்கள். வரியோடு சேர்த்தால் 1,130 டாலர். இது விசாக் கட்டணம் அல்ல. அங்கே இறங்கி வேறு விமானம் ஏறுகிறவர்களையும் சேர்த்தே அறிவித்தார்கள். பணத்தை வசூலிக்கும் வேலை விமான நிறுவனத்தின் தலையில் விழுவதால், மலிவான டிக்கெட் கண்ணில் பட்டதும் வாங்கிவிடாதீர்கள். கட்டணம் இப்போதும் உண்டா, உங்கள் பாஸ்போர்ட்டுக்குப் பொருந்துமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள். பார்ப்பது பாஸ்போர்ட்டை, பிறந்த ஊரை அல்ல. கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

குவாத்தமாலாவில் இறங்கிப் பேருந்தில் வருகிறவர் அந்த விமான நிலையத்தின் வாசலையே மிதிப்பதில்லை. ஆனால் விசா விஷயத்தில் இரண்டு நாட்டு விதியையும் பார்த்தாக வேண்டும். இன்னொன்று: குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிகரகுவா நான்குக்கும் சேர்த்துத்தான் 90 நாள் தங்க அனுமதி. பக்கத்து நாட்டுக்குள் ஒரு எட்டு போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்காது.

கேள்வி: தலைநகர் சான் சால்வடோரிலேயே தங்கிவிட்டால் போதுமா?

எரிமலையும் இடிபாடும்தான் நோக்கம் என்றால் சாந்தா ஆனா நகரத்தில் தங்குங்கள். தலைநகரிலிருந்து 65 கி.மீ. தான். 201 எண் பேருந்து அடிக்கடி ஓடுகிறது. ஊருக்கு ஊர் நிற்கும் சாதாரண வண்டி, சற்றுக் கூடுதல் கட்டணத்தில் நேராகப் போகும் வண்டி என்று இரண்டு வகை. பெட்டி படுக்கையோடு போகிறவர்கள் இரண்டாவதில் ஏறுங்கள். சாந்தா ஆனாவில் தங்கினால் எரிமலை ஏற்றம், கோவாத்தெபெக்கே ஏரி, தாசுமால் பிரமிடு மூன்றும் கைக்கெட்டும் தூரம். பழைய மாயா நாகரிகத்தின் இடிபாடுகளான சான் ஆந்த்ரேஸும் ஹோயா டே செரேனும் தலைநகருக்கும் சாந்தா ஆனாவுக்கும் நடுவே இருப்பதால் அவற்றை வரும் நாளிலோ போகும் நாளிலோ முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஹோயா டே செரேனுக்குப் போனவர்கள் 'ரெண்டு மண் வீடு, மேலே தகரக் கூரை, அவ்வளவுதான்' என்கிறார்கள். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் அளவுக்கு அங்கே என்னதான் இருக்கிறது?

கண்ணுக்குத் தெரிவது அவர்கள் சொன்னதுதான். பிரமிடை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். மற்ற மாயா இடங்களில் அரசனின் கோயிலும் கல்லறையும் நிற்கின்றன. உழுதவன் வீடு மழையில் கரைந்து போய்விட்டது. இங்கே மிஞ்சியிருப்பது அந்த உழுதவன் வீடுதான்.

கி.பி. 600ஐ ஒட்டி, சுமார் 600 மீட்டர் தள்ளியிருந்த லோமா கால்தேரா என்ற சிறு எரிமலை வாய் வெடித்தது. 14 அடுக்காகச் சாம்பல் விழுந்து ஊரைப் பல மீட்டர் ஆழத்தில் மூடியது. எரிமலை வீசிய சூடான கற்கள் சில கூரைகளைக் கொளுத்தின. ஆனால் ஈரச் சாம்பல் செடிகளைச் சுற்றி அச்சுபோல இறுகிக்கொண்டது. செடி மக்கிய பிறகு அந்த வடிவத்தில் ஒரு பொந்து மிஞ்சியது. அகழ்வாளர்கள் அந்தப் பொந்துகளில் பல் மருத்துவர் பயன்படுத்தும் பிளாஸ்டரை ஊற்றி மக்காச்சோளத் தட்டையையும் மரவள்ளிக் கிழங்கையும் அப்படியே வார்த்தெடுத்தார்கள்.

எந்த மாதம், எந்த வேளை என்பதைக்கூடக் கணித்திருக்கிறார்கள். முற்றிய மக்காச்சோளத் தட்டைகள் கதிரோடு பாதியில் மடிக்கப்பட்டிருந்தன. நின்றபடியே கதிர் காய்வதற்காக அந்நாட்டு உழவர்கள் இன்றும் செய்கிற வேலை அது. ஆகவே ஆகஸ்ட் வாக்கில் இருக்க வேண்டும். சாப்பிட்ட கலங்கள் கழுவாமல் கிடந்தன. படுக்கும் பாய்கள் விரிக்கப்படவில்லை. ஆகவே முன்னிரவு. மனித உடல் எதுவும் கிடைக்கவில்லை, தப்பி ஓடியிருக்கிறார்கள். சுவரோரம் கட்டிப்போட்ட வாத்து ஒன்றுதான் மாட்டிக்கொண்டது.

1976இல் தானியக் கிடங்கு கட்டுவதற்காக புல்டோசர் மண்ணைத் தள்ளியபோது வெளிப்பட்ட இடம் இது. 1978இல் தொல்லியலாளர் பேசன் ஷீட்ஸ் ஆய்வைத் தொடங்கினார். 1993இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பார்க்கும் முறைக்கு வருவோம். முதலில் வாசலில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அதைத் தவிர்த்துவிட்டு நேரே அகழ்வுக் குழிக்குப் போகிறவர்கள்தான் 'ரெண்டு மண் வீடு' என்று சொல்லித் திரும்புகிறார்கள். பிறகு வீடுகளைப் பார்ப்பதற்கு முன் குழியின் சுவரைப் பாருங்கள். மெல்லிய பட்டையும் தடித்த பட்டையுமாக மாறிமாறி வருகிற சாம்பல் அடுக்குகள் வெறும் கண்ணுக்கே தெரியும். அதற்கப்புறம் குவிமாடக் கூரையோடு மண்ணால் கட்டிய நீராவிக் குளியல் அறை. அசலுக்குள் நுழைய முடியாது. பக்கத்தில் அதேபோல் ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள், அதற்குள் தவழ்ந்து போகலாம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

போவதற்கு சான் சால்வடோரிலிருந்து சான் ஹுவான் ஒப்பிக்கோ செல்லும் 108 எண் பேருந்து. சூசியோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் இறங்க வேண்டும். நடத்துநரிடம் முன்பே சொல்லி வையுங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும். இந்தத் திங்கட்கிழமை விடுமுறை தாசுமாலுக்கும் சான் ஆந்த்ரேஸுக்கும்கூட உண்டு. பயணத் திட்டம் குலைவது பெரும்பாலும் இதனால்தான்.

கேள்வி: அதே நாளில் சான் ஆந்த்ரேஸையும் பார்க்க முடியுமா?

முடியும். செரேனிலிருந்து 108இல் ஒப்பிக்கோ பிரிவுக்குத் திரும்பி, அங்கே சாந்தா ஆனா போகும் 201ஐப் பிடியுங்கள். நெடுஞ்சாலையின் 32ஆவது கிலோமீட்டர் கல்லை ஒட்டி இறங்கி உள்ளே நடக்க வேண்டும். நிழல் குறைவு, தொப்பி அவசியம். புல்வெளி நடுவே மேடையும் சிறு பிரமிடுகளும் இருக்கின்றன. பலர் கவனிக்காமல் விடுவது அங்குள்ள நீலச் சாயப் பட்டறையை. நம் அவுரியின் இனத்தைச் சேர்ந்த செடியை ஊறப்போட்டுச் சாயம் எடுத்த ஸ்பானியர் காலத்துத் தொட்டிகள். 1658இல் எல் ப்ளாயோன் எரிமலை வெடித்தபோது அவையும் சாம்பலுக்குள் போயின. செரேன் புதைந்து ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு, சில கிலோமீட்டர் தள்ளி, அதே கதை.

கேள்வி: தாசுமால் பிரமிடு சிமென்ட் பூசியதுபோல் இருக்கிறதே, போலியா?

போலி அல்ல, மேல்பூச்சுதான் புதிது. 1940களில் தொல்லியலாளர் ஸ்டான்லி பாக்ஸ் சீரமைத்தபோது சிமென்ட் பூசினார். அன்றைக்கு அது பாதுகாப்பாகத் தோன்றியது. மண்ணும் கல்லும் கலந்த உள்ளீடு மழைக்காலத்தில் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. சிமென்ட் தோல் அந்த ஈரத்தை வெளியே விடாது. 2004இல் பக்கத்துக் கட்டுமானத்தின் ஒரு பகுதி மழைக்குச் சரிந்து விழுந்தது. பெரிய பிரமிடின் உயரம் சுமார் 24 மீட்டர். ஏற விடமாட்டார்கள். சாந்தா ஆனாவிலிருந்து தாசுமால் இருக்கும் சல்சுவாபாவுக்கு 218 எண் பேருந்து. அதே ஊரில் காசா பிளாங்கா என்ற இன்னொரு இடமும் உண்டு. மரநிழலும் சாயப் பட்டறையுமாக அமைதியாக இருக்கும். தாசுமாலைவிட அங்கே உட்கார்ந்திருப்பது சுகம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: குவாத்தமாலாவின் தீக்கால், ஹோண்டுராஸின் கோப்பான் என்ற பெரிய மாயா நகரங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குத் தாசுமால் சின்னதாகத்தான் தெரியும். முடிந்தால் இதை முதலில் பாருங்கள்.

கேள்வி: சாந்தா ஆனா எரிமலை ஏற்றம் எவ்வளவு கடினம்? பேருந்தில் போய்வர முடியுமா?

2,381 மீட்டர், நாட்டின் மிக உயரமான எரிமலை. உயரத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். நடை தொடங்கும் இடமே 1,800 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஏற இரண்டு மணி, இறங்க ஒன்றரை மணி. வாரம் மூன்று நாள் நடக்கிற பழக்கம் உள்ளவருக்குப் போதும். முதல் பாதி மரநிழல். பிற்பாதி கற்றாழை முளைத்த வெட்டவெளிப் பாறை.

சாந்தா ஆனாவின் லா வென்சேதோரா நிலையத்திலிருந்து காலை 7.30க்கு 248 எண் பேருந்து. அதை விட்டால் அன்றைய ஏற்றம் போனதுபோலத்தான். மேலே போனதும் வழிகாட்டியோடு குழுவாகத்தான் அனுப்புவார்கள், தனியாக விடமாட்டார்கள். நுழைவு, வழிகாட்டி என்று தனித்தனி இடத்தில் சிறு தொகைகள் கேட்பார்கள். ஒரு டாலர், ஐந்து டாலர் தாள்களாகக் கொண்டுபோங்கள். திரும்பும் கடைசி வண்டி மாலை நான்கு மணியளவில். இறங்கும்போதே ஓட்டுநரிடம் நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், காற்றுத் தடுக்கும் மேற்சட்டை, பிடிப்புள்ள ஷூ. கீழே வியர்த்துக் கொட்டும், உச்சியில் காற்று உடம்பை நடுக்கும். டி-ஷர்ட்டோடு போனவர்கள் ஏரியை ஐந்து நிமிடம்கூடப் பார்க்காமல் இறங்குகிறார்கள். உச்சியில் பச்சை நிற அமில ஏரி கொதிப்பதுபோல் ஆவி விடும். காற்று உங்கள் பக்கம் திரும்பினால் கந்தகப் புகை தொண்டையைப் பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கையிலேயே வைத்திருங்கள். முற்பகலிலேயே மேகம் ஏறி எரிமலை வாயை மூடிவிடக்கூடும். சொந்த வண்டியில் போனால் அதிகாலையில் தொடங்குங்கள்.

கடைசியாக 2005 அக்டோபர் 1 அன்று வெடித்து இருவர் இறந்தார்கள். அளவீட்டில் மாற்றம் தெரிந்தால் பாதையை மூடிவிடுவார்கள். பயணத்தில் இதற்கு ஒரு மாற்று நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பக்கத்தில் உள்ள இசால்கோ எரிமலையில் 12 வயதுப் பையனோடு ஏறலாமா?

வேண்டாம். கரிய கூம்பு, முழுக்க உதிரிக் கற்கள். இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். அதைவிடக் கொடுமை, பக்கத்து மலையான செர்ரோ வெர்தேயிலிருந்து சுமார் 1,300 படி இறங்கித்தான் அடிவாரத்துக்கே போக முடியும். கால் ஓய்ந்துபோன பிறகு அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். பையனுக்குச் செர்ரோ வெர்தேயிலிருந்து காட்டினாலே போதும், காட்சி அங்கேதான் அழகு.

1770இல் தோன்றி 1958 வரை ஏறக்குறைய ஓயாமல் கக்கிக்கொண்டிருந்ததால் கப்பல்காரர்கள் இதைப் 'பசிபிக்கின் கலங்கரை விளக்கம்' என்றார்கள். அந்த நெருப்பை அறையிலிருந்தே பார்க்கட்டும் என்று செர்ரோ வெர்தேயில் ஒரு ஹோட்டல் கட்டினார்கள். கட்டி முடியும் தறுவாயில் எரிமலை அடங்கிவிட்டது!

கேள்வி: கோவாத்தெபெக்கே ஏரி படத்தில் நீலப்பச்சையாக ஜொலிக்கிறது. எப்போது போனால் அந்த நிறம் கிடைக்கும்?

தேதி சொல்ல முடியாது. நுண்பாசி பெருகும்போது சில நாள் அப்படி மாறும், பிறகு பழைய நீலம். மற்ற நாளிலும் குளிக்க அருமையான ஏரி. கரையெல்லாம் தனியார் வீடுகள் என்பதால், கரையோர உணவகம் ஒன்றில் சாப்பிட்டுவிட்டு அவர்களுடைய படித்துறையில் இறங்குவதுதான் வழி.

கேள்வி: சுத்த சைவம் நாங்கள். பட்டினியா?

பட்டினி இல்லை, கேட்டு வாங்க வேண்டும். தெருவுக்குத் தெரு பூபுசா கிடைக்கும்: மக்காச்சோள மாவை உருண்டையாக்கி, உள்ளே பூரணம் வைத்து, தட்டிச் சுடுவது. நம் போளியின் கார வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலொக்குயில்தா ஊரில் அரிசி மாவில் செய்வார்கள். 'ரெவுயெல்தா' என்றால் பன்றி இறைச்சி கலந்தது, தொடாதீர்கள். சீஸோடு லோரோக்கோ என்ற பூ மொட்டு சேர்ப்பதும், 'அயோத்தே' எனும் பூசணி வகை வைப்பதும் உங்களுக்கானவை. பீன்ஸ் வைத்ததில்தான் பொறி: அதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது உண்டு. 'சின் கார்னே' என்றால் இறைச்சி வேண்டாம். 'சின் மந்தேகா' என்று சேர்த்துச் சொன்னால்தான் கொழுப்பும் போகும். ஒரே தோசைக்கல்லில்தான் எல்லாம் வேகும், அது ஒத்துக்கொள்ளாதவர்கள் பழத்தையும் ரொட்டியையும் நம்புங்கள். தொட்டுக்கொள்ளப் புளித்த முட்டைக்கோஸ். கையால்தான் சாப்பிட வேண்டும். நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: பணம்?

2001 முதல் அமெரிக்க டாலரே புழக்கம். 50, 100 டாலர் தாளைச் சிறு கடையில் வாங்கமாட்டார்கள். பிட்காயினை நம்பிப் போகாதீர்கள். அதை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கடைக்காரருக்கு இப்போது இல்லை.

கேள்வி: பாதுகாப்பு எப்படி?

2022 மார்ச்சில் அவசரநிலை அறிவித்த பிறகு கும்பல் வன்முறை பெரிதும் அடங்கியிருக்கிறது. பயணிகளுக்கு முன்பிருந்த அச்சம் இப்போது இல்லை. அதன் மறுபக்கம், காவல்துறைக்கும் ராணுவத்துக்கும் கைது செய்யும் அதிகாரம் மிக அதிகம். பாஸ்போர்ட் எப்போதும் உடன் இருக்கட்டும், சோதனைச் சாவடியைப் படமெடுக்காதீர்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம், ஏற்றத்துக்கு அதுதான் ஏற்றது. ஈஸ்டர் வாரத்தைத் தவிருங்கள், நாடே கடற்கரைக்குக் கிளம்பிவிடும். ஆனால் சுச்சித்தோத்தோ பக்கம் உள்ள லோஸ் தெர்சியோஸ் அருவியைக் குறித்து வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில்தான் போக வேண்டும். வறண்ட காலத்தில் அறுகோணத் தூண்களாக நிற்கும் எரிமலைப் பாறை மட்டும் இருக்கும், தண்ணீர் இருக்காது.

கேள்வி: ஆகஸ்ட் கடைசியில்தான் எங்களுக்கு விடுமுறை. ஏதாவது விசேஷம் உண்டா?

உண்டு. ஆகஸ்ட் 31 இரவு நெஹாப்பா ஊரில் நெருப்புப் பந்து விழா. 1658இல் சான் ஆந்த்ரேஸ் சாயப் பட்டறையை மூடிய அதே வெடிப்புதான் பழைய நெஹாப்பாவையும் அழித்தது; மக்கள் வேறிடம் போய் ஊர் அமைத்தார்கள். அந்த நினைவில் இரண்டு அணியாகப் பிரிந்து, மண்ணெண்ணெயில் ஊறிய துணிப் பந்துகளைக் கொளுத்தி ஒருவர்மேல் ஒருவர் எறிகிறார்கள். பந்து கூட்டத்துக்குள்ளும் வரும். நைலான், பாலியஸ்டர் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. பருத்திச் சட்டை, மூடிய ஷூ, தலையில் நனைத்த துணி. முன் வரிசையை விட்டுவிட்டு, பின்னால் ஒதுங்க ஒரு சந்து உள்ள இடமாகப் பார்த்து நில்லுங்கள்.