குதிரை சிறுநீர் கழிக்க முக்குகிறது, சவாரிக்குப் பிறகு சிவப்பாகப் போகிறது. கல்லாக இருக்குமா? மருந்தில் கரையுமா?

கரையாது. கரைக்கும் மருந்து என்று இந்நேரம் யாராவது ஒரு புட்டியை நீட்டியிருப்பார்கள், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்களுடையது காயடித்த ஆண் குதிரையாகத்தான் இருக்கும். பெட்டைக்குச் சிறுநீர்க்குழாய் குட்டை, அகலமும் அதிகம். சின்னக் கல் தானாகவே வெளியே வந்துவிடும். ஆணுக்கு நீளம், குறுகல்.

என் குதிரை லாயத்தில் சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. நன்றாக ஓட்டிவிட்டு வந்தால் சிறுநீரின் கடைசிச் சொட்டுகள் சிவந்திருக்கும். கல் சிறுநீர்ப்பைச் சுவரில் உரசுவதால் வரும் ரத்தம் அது. காலை அகட்டி, வாலைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் நிற்பான், வருவதென்னவோ சொட்டுதான். ஒருவர் வயிற்றுவலி என்று ஊசி போட்டார். இன்னொருவர் சிறுநீரைச் சோதித்துவிட்டு, கால்சியம் கார்பனேட் படிகம் நிறைய இருக்கிறது, கல்லேதான் என்றார். கல் இருந்தது உண்மை, ஆனால் அந்தக் காரணம் தப்பு. தீவனத்தில் மிஞ்சும் கால்சியத்தைக் குதிரை சிறுநீரில்தான் கழிக்கிறது. அந்தச் சிறுநீர் காரத்தன்மை உள்ளது. நோயில்லாத குதிரைக்கும் அது கலங்கலாக, படிகத்தோடுதான் போகும். (மருத்துவர்களைத் திட்டுகிறேன் என்று யாரும் கிளம்பி வராதீர்கள். அவனைக் காப்பாற்றியதும் ஒரு மருத்துவர்தான்.)

அவர் ஆசனவாய் வழியே கை விட்டார். மணிக்கட்டு உள்ளே போனதுமே நிறுத்தி, "இதோ" என்றார். முழங்கை வரை விட்டால் கல்லைத் தாண்டிப் போய்விடுமாம். அப்புறம் ஸ்கேன், குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு. சிறுநீரகத்திலும் கல் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

நின்ற நிலையிலேயே, ஆசனவாய்க்குக் கீழே மரத்துப்போகச் செய்து, சிறுநீர்க்குழாயைத் திறந்து கல்லை உடைத்து எடுத்தார்கள். மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், மேலெல்லாம் முள் முள்ளாக. பெரிய கல் என்றால் வயிற்றைத் திறந்து முழுசாக எடுப்பார்கள். துணுக்கு மிஞ்சினால் அதைச் சுற்றியே மறுபடி வளரும். எந்த வழி என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். புண் ஆறாமல் அவன் நின்றபோதும், "ஒரே ஒரு தடவை ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறோம்" என்று வந்தவர்கள் உண்டு. முடியாது என்றால் குதிரைக்காரனுக்குத் திமிர். மோட்டார் சைக்கிளை அப்படிக் கேட்பார்களா?

சரி. கல்லை எடுத்தாலும் திரும்ப வருவது சகஜம். குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் கால்சியம் அதிகம், அதை நிறுத்திவிட்டுப் புல்லுக்கு மாற்றினேன். தீவனத்தில் தினம் 50 கிராம் உப்பு, பக்கத்திலேயே நிறைய தண்ணீர். சிறுநீரகம் சரியில்லாத குதிரைக்கு மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள்.

இப்போது சொட்டாவது வருகிறது என்றால் நேரம் இருக்கிறது. முக்கியும் ஒன்றுமே வரவில்லை, வியர்க்கிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அடைப்பு நீடித்தால் சிறுநீர்ப்பை கிழிந்துவிடும்.