கரையில் சில மணி நேரம், கலங்கரை விளக்கம் ஒன்று: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பள்ளி விடுமுறை நெருங்குவதால், சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பலில் செல்லவிருப்பவர்களின் கடிதங்கள் இம்முறை மிகுதியாக வந்துள்ளன. பெரும்பாலானவை பினாங்கையும் இலங்கையையும் பற்றியவை. தூரத்தையும் நேரத்தையும் முழு எண்களாகவே தந்திருக்கிறேன். கப்பல் துறைமுகத்தை அடையும் நேரத்தையும், பயணிகள் திரும்பி ஏறவேண்டிய கடைசி நேரத்தையும் எழுதாத கடிதங்களுக்குப் பொதுவான பதில்தான் தர இயலும்.

தெம்பனிஸ் வாசகர்: எங்கள் கப்பல் பினாங்கில் காலை 8 மணிக்கு நிற்கிறது, மாலை 5 மணிக்குள் ஏறிவிட வேண்டும். கார் வாடகைக்கு எடுத்தால் தீவிலுள்ள மூன்று கலங்கரை விளக்கங்களையும் பார்த்துவிடலாமா?

நேரத்தைத் தெளிவாக எழுதியதற்கு நன்றி. மூன்றில் ஒன்றுக்குக் கார் தேவையே இல்லை. இன்னொன்றுக்குக் கார் போகாது. மூன்றாவதைப் பயணத் திட்டத்தில் சேர்க்கவே வேண்டாம்.

கார்ன்வாலிஸ் கோட்டையின் மூலையில் நிற்கும் 1882ஆம் ஆண்டு இரும்புச் சட்டக் கோபுரம், சுவெட்டன்ஹாம் கப்பல்துறையிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் இருக்கிறது. உயரம் 21 மீட்டர். கப்பலின் பாய்மரத்தைப் போன்ற தோற்றம் கொண்ட அந்தக் கோபுரத்துக்கு இன்று கப்பல்களுக்கு வழிகாட்டும் பணி கிடையாது.

தீவின் வடமேற்கு முனையிலுள்ள முக்கா ஹெட் விளக்கம் 1883இல் கட்டப்பட்டது. கோபுரத்தின் உயரம் 14 மீட்டர்தான் என்றாலும், அது நிற்கும் குன்று கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர் உயரமானது. பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் தெலுக் பஹாங்கிலுள்ள பூங்கா வாயிலோடு கார்ப் பயணம் முடிந்துவிடும். கப்பல் நிற்கும் ஜார்ஜ் டவுனிலிருந்து அந்த வாயிலை அடைய ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்; வழியிலுள்ள ‘பத்து பிரிங்கி’ என்னும் கடற்கரை ஊருக்குப் பிறகு சாலை வளைந்து வளைந்து செல்லும். அங்கிருந்து குரங்குக் கடற்கரைக்குக் காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேர நடை, அதன்பின் அரை மணி நேரத்துக்குமேல் செங்குத்தான ஏற்றம். போகவர நடந்தால் உங்கள் பகல் முழுவதும் அதிலேயே கழிந்துவிடும். ஆகவே கடற்கரை வரை இருவழியும் படகில் சென்று, ஏற்றத்தை மட்டும் நடப்பதே உங்கள் நேரத்துக்குப் பொருந்தும். மழை பெய்த மறுநாள் அந்தப் பாதை வழுக்கும். பூங்கா அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

மூன்றாவதான பூலாவ் ரீமாவ் விளக்கம் (1885) பெருந்தீவின் தென்கிழக்கே ஒரு சிறு தீவில் இருக்கிறது.

வாடகைக் காரை நீங்களே ஓட்டுவதைவிட, ஓட்டுநருடன் கூடிய காரை நாள் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். செயலி வழியாக அழைக்கும் கார் தெலுக் பஹாங்குக்கு எளிதில் வரும். திரும்பும்போது அதே எளிமையை எதிர்பார்க்க முடியாது. கணக்கை எப்போதும் கடைசி ஏறும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கப்பல் புறப்படும் நேரத்திலிருந்து போடாதீர்கள்.

ஈசூன் வாசகி: என் அம்மாவுக்கு 74 வயது, கைத்தடியுடன் நடப்பார். பினாங்கில் அவருக்கு ஏற்றது எது?

கார்ன்வாலிஸ் கோட்டை விளக்கம். தரை சமமாக இருக்கும். வெயில் ஏறுமுன் சென்றுவிடுங்கள்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: கொழும்பில் ஒரு நாள் நிற்கிறோம். இலங்கையின் எல்லாக் கலங்கரை விளக்கங்களையும் காரில் சுற்றிவர எவ்வளவு செலவாகும்?

செலவைக் கேட்பதற்கு முன் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருக்கலாம். இலங்கையின் விளக்கங்கள் கிழக்கே மட்டக்களப்பிலும் இருக்கின்றன. தென்கிழக்கே கரையிலிருந்து வெகு தொலைவில் நடுக்கடல் பாறைகள்மீது நிற்கும் பெரிய பாசசு (1873), சிறிய பாசசு (1878) என்னும் இரண்டையும் எந்தக் காரும் சென்றடையாது. பேருவளைக்கு எதிரே சிறு தீவிலுள்ள பார்பெரின் விளக்கத்துக்கும் படகு வேண்டும்.

ஒரே நாளில் கொழும்பிலிருந்து தெற்கே இரண்டை எட்டலாம். காலி கோட்டையிலுள்ள விளக்கம் ஒன்று. இலங்கையின் தென்முனையான தெவுந்தரையில் 1890 முதல் நிற்கும், அந்நாட்டிலேயே மிக உயரமான, 49 மீட்டர் எண்கோணக் கோபுரம் மற்றொன்று. துறைமுகத்திலிருந்து நகர நெரிசலைக் கடந்து தெற்கு அதிவேக நெடுஞ்சாலையின் தொடக்கத்துக்கு வரவே ஒரு மணி நேரம் ஆகலாம். அதன்பின் காலிக்கு இன்னுமொரு மணி நேரம். நெடுஞ்சாலையின் அதே தொடக்கத்திலிருந்து மாத்தறை வழியாகத் தெவுந்தரைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குள் ஏறவேண்டும் என்று கொண்டால், 9 மணிக்குக் கிளம்பி இரண்டையும் பார்த்துத் திரும்ப மாலை 4 மணிக்கு மேலாகிவிடும். திரும்பும் வழியில் கொழும்பு நெரிசலில் ஒரு லாரி பழுதாகி நின்றால் போதும், கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் சென்றவர்களுக்காகத்தான் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும்; சொந்தமாகக் கார் அமர்த்திச் சென்றவர் அடுத்த துறைமுகத்துக்குத் தம் செலவில் பறந்து சேரவேண்டும். கையில் இரண்டு மணி நேரமாவது உபரியாக இல்லாத திட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. காலியை மட்டும் பாருங்கள். உங்கள் கப்பல் அம்பாந்தோட்டையில் நிற்குமானால் கதை வேறு. அங்கிருந்து தெவுந்தரை ஒன்றரை மணி நேரம்தான்.

பொங்கோல் வாசகர்: சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி இலங்கையில் கார் ஓட்டலாமா?

அதை மட்டும் காட்டி ஓட்ட முடியாது. உள்ளூர் அனுமதியும் வேண்டும். சில மணி நேரத்துக்காக அந்த அலைச்சல் வேண்டாம், ஓட்டுநருடன் செல்லுங்கள்.

புக்கிட் பாத்தோக் வாசகி: கொழும்பில் எங்களுக்கு ஐந்து மணி நேரம்தான். ஒரு விளக்கத்தையாவது பார்க்க முடியுமா?

இரண்டைப் பார்க்கலாம், அதுவும் நிதானமாக. கோட்டைப் பகுதியின் நடுவே, சாத்தம் தெருச் சந்திப்பில், மணிக்கூட்டுக் கோபுரமாக 1857இல் எழுந்து பத்தாண்டுகளுக்குப் பின் விளக்கும் பொருத்தப்பட்ட பழைய கோபுரம் இருக்கிறது. அதை வடிவமைத்தவர் அன்றைய ஆளுநரின் மனைவி. துறைமுகம் வளர வளரச் சுற்றிலும் எழுந்த கட்டடங்கள் அதன் ஒளியைக் கடலிலிருந்து மறைத்துவிட்டன. அதனால் 1952இல் கடலோரமாக 29 மீட்டர் உயரத்தில் புதிய விளக்கத்தை எழுப்பினார்கள். அதன் அடித்தளத்தில் நான்கு சிங்கச் சிலைகளைக் காணலாம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரு நகரம் வளர்ந்து தன் விளக்கையே இடம்பெயர்த்த வரலாறு கண்முன் தெரியும். இரண்டும் துறைமுகத்துக்கு மிக அருகில் இருக்கின்றன. கடற்படைக்கும் அதிபர் மாளிகைக்கும் உரிய பகுதிகள் பக்கத்திலேயே இருப்பதால், காவலர்கள் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் படம் எடுக்காதீர்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: சென்ற ஆண்டு காலிக்குப் போனோம். பகலில் விளக்கு எரியவில்லை. வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அத்தனை தொலைவு போனது வீண் என்று என் மகன் சொல்கிறான். விளக்கு எரிவதை எங்கே பார்க்கலாம்?

நீங்கள் பயணம் செய்த கப்பலிலேயே பார்த்திருக்கலாம். இந்தக் குறை எனக்கு அடிக்கடி எழுதப்படுகிறது. ஒவ்வொரு முறையும் என்னை வருத்துகிறது. கலங்கரை விளக்கங்கள் கப்பலில் இருப்பவர்களுக்காகக் கட்டப்பட்டவை. நம்மில் பலர் அந்தக் கப்பலில் ஏறி, விளக்கு ஒளிவீசும் இரவு நேரத்தில் அரங்கிலும் உணவகத்திலும் இருந்துவிட்டு, மறுநாள் உச்சி வெயிலில் காருக்குப் பணம் கொடுத்து அணைந்த விளக்கைப் பார்க்கப் போகிறார்கள். காரில் சென்று கோபுரத்தைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அது பாதிப் பயணம். மறுபாதி கப்பல் தளத்தில், இரவில் இருக்கிறது.

உங்கள் மகனுக்கு இதைச் சொல்லுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனக்கென ஒரு தாளம் உண்டு. நம் நாட்டின் தென்கோடியான சாத்துமு தீவில் 1855 முதல் இருக்கும் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் 20 விநாடிக்கு ஒருமுறை மூன்று ஒளிவீச்சுகளைக் காட்டும். கிழக்கே பெட்ரா பிராங்காவில் 1851 முதல் நிற்கும் ஹார்ஸ்பர்க், 10 விநாடிக்கு ஒன்று. இரண்டு விளக்குகள் ஒரே கடற்பகுதியில் ஒரே தாளத்தில் ஒளிவீசினால் மாலுமி ஏமாந்துவிடுவார் என்பதால்தான் இந்த ஏற்பாடு. கைக்கடிகாரத்தைப் பார்த்து விநாடிகளை எண்ணத் தெரிந்த பிள்ளை, இருளில் எந்த விளக்கைப் பார்க்கிறோம் என்பதைத் தானே கண்டுபிடித்துவிடும்.

மரினா பேயிலிருந்து மாலையில் புறப்பட்டு மேற்கே மலாக்கா நீரிணைக்குச் செல்லும் கப்பலில், ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வலப்பக்கத் தளத்துக்குச் சென்று நில்லுங்கள். இருட்டியிருந்தால் ராஃபிள்ஸ் விளக்கு தெரியும். பினாங்குக்குச் செல்லும் பெரிய உல்லாசக் கப்பல்கள் அங்குள்ள பாலங்களின் அடியில் நுழைய முடியாத உயரமுடையவை என்பதால், தீவின் மேற்குப் பக்கமாகச் சென்று வடக்கே திரும்பித்தான் ஜார்ஜ் டவுனை அடைகின்றன. அதாவது காட்டுப் பாதையில் வியர்த்து ஏறப்போகும் அதே முக்கா ஹெட் விளக்கை, விடியுமுன் நீங்கள் அறையில் உறங்கும்போதே கடந்துவிடுகிறீர்கள். கொழும்பிலிருந்து மாலையில் சிங்கப்பூர் திரும்பும் கப்பலிலோ, முதலில் காலி, பிறகு நள்ளிரவுக்குச் சற்று முன்பாகத் தெவுந்தரை என இரண்டும் இடப்பக்கத்தில் வரும். வானம் தெளிவாக இருந்தால், 30 மீட்டர் உயரத் தளத்தில் நிற்பவரின் கண்ணுக்குத் தெவுந்தரை விளக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொலைவிலேயே எட்டிவிடும். பூமி வளைந்திருப்பதால்தான் கோபுரத்தை அத்தனை உயரமாகக் கட்டினார்கள் என்பதும் அப்போது பிள்ளைக்கு விளங்கும்.

விளக்கொளி குறைந்த தளத்தைத் தேர்ந்தெடுங்கள், கைப்பேசித் திரையை அணைத்துவிடுங்கள், கண் இருளுக்குப் பழகப் பத்து நிமிடமாவது பொறுங்கள். மறுநாள் அதே கோபுரத்தின் அடியில் நிற்கும்போது உங்கள் மகன் அதை வீண் என்று சொல்லமாட்டான்.

சிராங்கூன் வாசகர்: புக்கெட்டில் எங்கள் கப்பல் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரமிடுகிறது. புரோம்தெப் முனை விளக்கத்துக்குப் போய்வர எத்தனை மணி நேரம்?

ஒரு வழிக்கு 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை, அங்கே ஒரு மணி நேரம். அது 1996இல், தாய்லாந்து மன்னர் பூமிபோல் அரியணை ஏறிய 50ஆம் ஆண்டு நிறைவையொட்டிக் கட்டப்பட்டது. கப்பல் கரையணையாமல் நங்கூரமிடும் இடங்களில், கரையிலிருந்து கிளம்பும் கடைசிப் படகின் நேரமே உங்கள் கடைசி நேரம். படகுத்துறையில் வரிசை நிற்கவும் நேரம் ஒதுக்குங்கள். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது, இலங்கை நேரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் மாறாமலும் இருக்கலாம். கப்பலின் நேரத்தைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். முனையில் அந்திச் சூரியனைப் பார்க்கக் கூட்டம் சேரும், அதற்குக் காத்திருக்காதீர்கள்.

மரின் பரேட் வாசகி: காப்பாளருக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தால் மேலே ஏறவிடுவார்களாமே?

இதைக் கேட்டதே தவறு. பணியில் இருக்கும் விளக்கு, ஓடும் கப்பல்களின் பாதுகாப்புக் கருவி. அதிகாரபூர்வமாக அனுமதித்தால் ஏறுங்கள். இல்லையென்றால் கீழிருந்து பாருங்கள். நீங்கள் மரின் பரேட்டில் வசிப்பதால் ஒன்று சொல்கிறேன். உங்கள் வட்டாரத்திலேயே, 25 மாடிக் குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் உச்சியில் 1978 முதல் பிடோக் கலங்கரை விளக்கம் இயங்குகிறது. இன்றிரவே ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கு நடந்து சென்று, விளக்கு எத்தனை விநாடிக்கு ஒருமுறை ஒளிவீசுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

செங்காங் வாசகர்: காலி விளக்கத்தைப் படம் எடுக்க ஏற்ற நேரம் எது? கொழும்பிலிருந்து போனால் நண்பகல் ஆகிவிடுமே.

கவலை வேண்டாம். இப்போதுள்ள கோபுரம் 1939இல் கட்டப்பட்டது. 1848இல் அமைத்த முதல் கோபுரம் 1934இல் தீயில் அழிந்தது. 26 மீட்டர் உயரமான இந்தக் கோபுரம் கோட்டையின் தென்கிழக்கு மூலையில் நிற்பதால், நண்பகலுக்குப் பின் மதில்மேல் மேற்கே சற்று நடந்து சென்று திரும்பிப் பார்த்தால், வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும். கோபுரமும் தென்னைகளும் கடலும் ஒரே படத்தில் அமையும். ஒரு மணிக்குள் படத்தை முடித்துக்கொண்டு, இரண்டு மணிக்குக் காரில் ஏறிவிடுங்கள்.