முள் குத்திய காயம் ஆறிவிட்டது, கால் ஏன் விறைக்கிறது?

கேள்வி: பன்னிரண்டு நாள் முன்பு எங்கள் பூனையின் முன்னங்காலில் வேலி முள் ஏறியது. பிடுங்கிவிட்டோம், காயமும் மூடிவிட்டது. இரண்டு நாளாக அந்தக் கால் உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. சாப்பிடுகிறது. அத்தை வாதம் என்கிறார். விளக்கெண்ணெய் போட்டு நீவலாமா?
– வாசகி, வெள்ளகோவில்

பதில்: நீவ வேண்டாம் அம்மணி. தொடத் தொட இறுக்கம் கூடும். வாதம் என்றால் கால் பெரும்பாலும் துவண்டு தொங்கும். இது ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் என்றுதான் எனக்குப் படுகிறது. குதிரைக்கு வருவதுபோல் பூனைக்கு இது லேசில் வராது. வந்தாலும் பல சமயம் காயம்பட்ட காலோடு நின்றுவிடும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். வேலைக்கு வந்த புதிதில் இப்படி ஒரு பூனைக்கு எலும்பு முறிவு என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன். நான்காம் நாள் திரும்பி வந்தபோது இரண்டு காதும் உச்சியை நோக்கி இழுத்திருந்தன, நெற்றி சுருங்கி, உள் இமை பாதிக் கண்ணை மூடி, வாய் திறக்கவில்லை. அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

காயம் மூடியதுதான் வினை. கட்டுத்தரை மண்ணிலும் எருவிலும் இருக்கும் கிருமி முள்ளோடு போய், காற்றுப் படாத ஆழத்தில் பெருகி நஞ்சு விடும். அது நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறினால் தசை தளரவே முடியாது. ஆகவே மருத்துவர் அந்த இடத்தைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். மெட்ரோனிடசோல் அல்லது பென்சிலின், இறுக்கம் தளர டயசிபாம் தருவார். நஞ்சுமுறிவு ஊசி நரம்பில் ஏறிவிட்ட நஞ்சை எடுக்காது, ஒவ்வாமையும் வரலாம். அதை அவரே முடிவு செய்யட்டும். பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

அப்புறம் இருட்டும் அமைதியும். நான் சொன்ன பூனை தறி ஓடும்போதெல்லாம் வெட்டி இழுத்தது. வீட்டுக்காரர் அதைத் தோட்டத்துச் சாளைக்குத் தூக்கிப் போய், சன்னலில் சாக்குக் கட்டி, ஐந்து வாரம் பார்த்துக்கொண்டார். பிழைத்து நடந்தது.

வாய் இறுகினால் பாலை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். எச்சில் வடிந்தால் வாயில் கையும் விடாதீர்கள், வெறிநோயாகவும் இருக்கலாம். சிறுநீர் போகிறதா என்று தினமும் பாருங்கள். உங்கள் ஊர் மருத்துவர் அனுப்பினால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். முள்ளைப் பிடுங்கியவரே இன்று பூனையோடு போகட்டும். மயிருக்குள் ஆறிப்போன காயத்தை அவர்தான் காட்ட முடியும்.