சரக்கே வராத பில்லைப் பற்றிச் சொன்னேன், மாற்றல் உத்தரவு வந்துவிட்டது

கேள்வி: பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராக இருக்கிறேன். சரக்கே வராத பில்களுக்குப் பணம் போவதைப் பார்த்து மேலாளரிடம் சொன்னேன். மூன்றே வாரத்தில் தொலைதூரக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். ராஜினாமா செய்துவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: ராஜினாமா வேண்டாம். தானாக விலகியவர் பின்னால் வந்து ‘பழிவாங்கினார்கள்’ என்று நிரூபிப்பது பெரும்பாடு.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தும் சொல் ‘சொன்னேன்’ என்பதுதான். வாயால் சொன்னதை மேலாளர் நாளைக்கே மறுத்துவிடலாம். அப்புறம் புகாரே இல்லை, பழிவாங்கல் எங்கிருந்து வரும்? அதனால், ‘இன்ன தேதியில், உங்கள் அறையில், இந்தப் பில் எண்களைப் பற்றித் தெரிவித்தேன்’ என்று இன்றே எழுதிக் கொடுங்கள். பழைய தேதி போடும் ஆசை வரும், போட்டுவிடாதீர்கள். அன்று ‘சார், அந்தப் பில் விஷயமாகப் பேச வேண்டும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தால், அதை அழிக்காமல் வையுங்கள். இந்த வழக்கில் அதற்கு மதிப்பு அதிகம்.

கடிதம் மேலாளரோடு நின்றுவிடக் கூடாது. நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 177-ன்படி பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் ஊழியர்கள் முறைகேட்டைத் தெரிவிக்க ஓர் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும். புகார் செய்தவரைப் பழிவாங்காமல் காக்கும் பாதுகாப்பும், தக்க சமயத்தில் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகும் வழியும் அதில் இருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டை நிறுவனத்தின் இணையதளத்தில் ‘விசில் ப்ளோயர் பாலிசி’ (முறைகேட்டைத் தெரிவிப்பவருக்கான கொள்கை) என்று தேடிப் பாருங்கள். சிலர் 2014-ம் ஆண்டு விசில் ப்ளோயர்கள் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுவார்கள். அது பொது ஊழியர்களின் முறைகேடுகளுக்கானது, உங்களுக்கு உதவாது.

ஆதாரம் என்று பில்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். ரகசியத்தை வெளியே கொண்டுபோனதாக உங்களுக்கே மெமோ கொடுத்துவிடுவார்கள். பில் எண், தேதி, தொகை ஆகியவற்றைக் குறித்து வைத்தால் போதும், மூல ஆவணத்தை வரவழைப்பது வக்கீல் வேலை.

சரி, மாற்றல்? எங்கும் மாற்றலாம் என்ற நிபந்தனை உங்கள் நியமன ஆணையில் அநேகமாக இருக்கும். அதனால் மாற்றியதே தவறு என்று வாதிட முடியாது, கெட்ட எண்ணத்தோடு மாற்றினார்கள் என்று காட்ட வேண்டும். எழுத்தர் வேலை பொதுவாகத் தொழிலாளர் சட்டத்துக்குள் வரும். நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில் பழிவாங்க மாற்றுவதை அச்சட்டம் நியாயமற்ற நடைமுறை என்கிறது. தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் முறையிடலாம். அதில் முடிவு வரும்வரை புதிய கிளைக்குப் போகாமல் உட்கார்ந்தால் ‘அனுமதியில்லாமல் வரவில்லை’ என்று வேறு வழக்காகிவிடும். ஆட்சேபத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டுப் போய்ச் சேருங்கள்.

எந்தத் தேதிக்குள் சேர வேண்டும் என்பதை நீங்கள் எழுதவில்லை. அந்தத் தேதிக்கு முன்பே ஆட்சேபக் கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் போயிருக்க வேண்டும்.