மூச்சு டாக்டர் ஆகப்போறவங்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் அமெரிக்காவுல இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி, அதாவது பொது மருத்துவப் பயிற்சி, முடிக்கப்போறா. இப்போ பல்மனரி கிரிட்டிகல் கேர் ஃபெல்லோஷிப்னு இன்னும் 3 வருஷம் படிக்கணும்ங்கிறா. நுரையீரலையும் ஐசியுவையும் ஏன் ஒண்ணா சேர்த்து வச்சிருக்காங்க டாக்டர்? இவ்ளோ வருஷம் வேணுமா?

பதில்: ஐசியு உருவானதே மூச்சுப் பிரச்சினையாலதாம்மா. 1952ல கோபன்ஹேகன்ல போலியோ பரவினப்போ மூச்சுத் தசை செயலிழந்து வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க இறந்துட்டிருந்தாங்க, அப்போ பியார்ன் இப்சன்னு ஒரு மயக்க மருந்து டாக்டர், தொண்டையில துளை போட்டு குழாய் வச்சு ரப்பர் பையை கையால அமுக்கி காத்து குடுக்கலாம்னு சொன்னார். மெஷின் பத்தல. மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ் ஷிஃப்ட் போட்டு ராப்பகலா பக்கத்துல உக்காந்து அமுக்கினாங்க, எத்தனையோ பேர் பிழைச்சாங்க. அடுத்த வருஷமே அதே ஊர்ல இப்சன் ஐசியு ஆரம்பிச்சார். இன்னிக்கும் ஐசியுக்கு வர்றவங்கள்ல நிறைய பேர் மூச்சு முட்டித்தான் வர்றாங்க, அதனால ரெண்டையும் ஒரே ஆள் தெரிஞ்சு வச்சிருக்கிறது ரொம்ப நல்லது. வருஷக் கணக்கும் நஷ்டம் இல்ல. அமெரிக்காவுல பல்மனரி மட்டும்னா 2 வருஷம், கிரிட்டிகல் கேர் மட்டும்னாலும் 2 வருஷம், சேர்த்துப் படிச்சா 3லயே முடிஞ்சிரும். தைரியமா அனுப்புங்க.

கேள்வி: டாக்டர், நான் முதல் வருஷ ஃபெல்லோ. ட்ரெயினிங் முடியறதுக்குள்ள குறைஞ்சது 100 ப்ரோங்கோஸ்கோபி, அதாவது மூச்சுக்குழாய்க்குள்ள கேமரா குழாய் விட்டுப் பாக்கறது, செஞ்சிருக்கணும். கூட சேர்ந்தவங்க எல்லாம் வேகமா பண்றாங்க, எனக்குத்தான் கை நடுங்குது. இந்தத் துறைக்கு நான் லாயக்கானு சந்தேகமா இருக்கு.

பதில்: லாயக்குதான் தம்பி, கை நடுக்கத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஸ்கோப்போட நுனி சுவர்ல இடிக்காம மூச்சுக்குழாய்க்கு நடுவுலயே இருக்கணும், வலது நுரையீரலோட மேல் லோப்ல, அதாவது மேல் பகுதியில, மூணு வாசலையும் ஒவ்வொண்ணா பேர் சொல்லிப் பாத்துட்டு வரணும், நடுவுல ஆக்சிஜன் இறங்கினா கௌரவம் பாக்காம வெளிய எடுத்துரணும். இதெல்லாம் செய்யச் செய்ய தானா வந்துரும், அந்த 100ம் கணக்குல ஏறிரும். எனக்குக் கவலை எல்லாம் எந்த நோட்டுலயும் கணக்கு வைக்காத வேலைங்களைப் பத்திதான்.

வென்டிலேட்டரையே எடுத்துக்கோங்க. ஏஆர்டிஎஸ், அதாவது நுரையீரல் வீங்கி நீர் கோத்து மூச்சு திணறுற நிலை, வந்தவருக்கு ஒரு மூச்சுக்கு எவ்ளோ காத்து தள்ளணும்? 2000ல அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, கிலோவுக்கு 12 மில்லி குடுத்த குரூப்ல கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் இறந்தாங்க, 6 மில்லி குடுத்த குரூப்ல 31 சதவீதம். ஆனா அந்த கிலோ தராசு காட்டுற கிலோ இல்ல, உயரத்தை வச்சுக் கணக்குப் போடுற எடை. ஆள் குண்டானா நுரையீரல் பெருசாகாது இல்லையா. 170 சென்டிமீட்டர் ஆம்பளைக்கு அந்த எடை 66 கிலோ, அதாவது ஒரு மூச்சுக்கு சுமார் 400 மில்லி. அவர் 90 கிலோ இருக்கார்னு தராசைப் பாத்து செட் பண்ணினா 540 போயிரும், ஏற்கனவே வீங்கிக் கிடக்கிற நுரையீரல் அதைத் தாங்காது. அதனால சார்ட்ல யாரோ குத்துமதிப்பா எழுதின உயரத்தை நம்பாதீங்க, டேப் எடுத்துட்டுப் போய் பேஷன்ட்டோட முட்டியை நீட்டி வச்சு உச்சந்தலையில இருந்து குதிகால் வரைக்கும் நீங்களே அளந்து பாருங்க. ஒரு நிமிஷ வேலை, இதுக்கு யாரும் கை தட்ட மாட்டாங்க, ஆனா உயிரைக் காப்பாத்துற வேலை.

இன்னொண்ணு குடும்பத்துகிட்ட பேசறது. சேச்சுரேஷன் இவ்ளோ, பிரஷர் இவ்ளோன்னு நம்பரா அடுக்கினா அவங்க தலையாட்டுவாங்க, ஆனா அப்பா பிழைக்க மாட்டார்ங்கிறது அவங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. முதல்ல உக்காருங்க. அவங்களுக்கு என்ன தெரியும்னு கேளுங்க. அப்புறம் "அவர் இறந்துபோயிருவார்னு நினைக்கிறோம்"னு அதே வார்த்தையில சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க, அவங்க பேசற வரைக்கும் நீங்க பேசாதீங்க. அந்த மௌனத்தைத் தாங்கறது ப்ரோங்கோஸ்கோபியை விட கஷ்டம், எனக்கு இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு. சீனியர் பேசும்போது கூடவே போய் நில்லுங்க, அடுத்த தடவை நீங்க பேசுங்க, சீனியர் நிக்கட்டும், எங்க தடுமாறினீங்கன்னு வெளிய வந்ததும் கேட்டுக்கோங்க.

கேள்வி: ஃபெல்லோஷிப் இன்டர்வியூ எல்லாம் முடிச்சுட்டேன் சார், மேட்ச்சுக்கு, அதாவது நம்ம விருப்ப வரிசையையும் ஆஸ்பத்திரிங்களோட வரிசையையும் பொருத்தி இடம் குடுக்கற முறைக்கு, ரேங்க் லிஸ்ட் போடணும். பெரிய பேரா, நல்ல ட்ரெயினிங்கா, எதைப் பாக்கறது?

பதில்: பேரை ரெண்டாவதா வைங்கப்பா. அங்க இப்போ படிக்கிற ஃபெல்லோஸ்கிட்ட, ப்ரொஃபசருங்க இல்லாத நேரமா பாத்து, ராத்திரி ரெண்டு மணிக்கு முடியலன்னு ஃபோன் பண்ணினா மேல இருக்கிறவங்க வருவாங்களா இல்ல எரிஞ்சு விழுவாங்களான்னு கேளுங்க. பதில் சொல்லும்போது அவங்க மூஞ்சியையும் பாருங்க. க்ளினிக்ல ஒரே பேஷன்ட்டை வருஷக்கணக்கா தொடர்ந்து பாக்க விடுவாங்களான்னும் கேட்டுருங்க, நுரையீரல் தழும்பு நோய் எல்லாம் அப்படிப் பாத்தாத்தான் பிடிபடும். ரெண்டுக்கும் நல்ல பதில் வந்த இடத்தை, பேர் சின்னதா இருந்தாலும், மேல போடுங்க.